கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவருக்கு லோ சுகர் ஏன் வந்தது? இனி எப்படிக் கொடுப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. 11 வருடமாகச் சுகர். கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. நான்கு மாதமாகக் காலையில் டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி.யும் சேர்ந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) 6.2, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 1.5. போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் மதியச் சாப்பாடு தள்ளிப்போனதில், மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டிப் பேச்சு குழறியது. மீட்டரில் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். அப்போது சிறுநீர்த் தொற்றுக்காகக் கோட்ரைமோக்சசோல் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது, "சுகர் மாத்திரையே வேண்டாம், எல்லாம் கிட்னியைக் கெடுக்கும்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். எப்படிப் பாதுகாப்பாகக் கொடுப்பது?

பதில்:

எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். அதே நேரம் இதே அளவில் அப்படியே தொடரவும் கூடாது. இன்றே டாக்டரைக் கூப்பிட்டு, 48-க்கு இறங்கியது, கோட்ரைமோக்சசோல் சாப்பிட்டது, கிரியாட்டினின் 1.5, எச்பிஏ1சி 6.2 என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த மாதம் காட்டப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்பா சாப்பிடும் மூன்று மருந்துகளும் மூன்று விதமாக வேலை செய்பவை. மெட்ஃபார்மின், கல்லீரல் ரத்தத்தில் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சவிடாமல் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. இவை இரண்டும் தனியாக இருந்தால் லோ சுகர் வருவது அரிது. கிளிமிபிரைடு வேறு ரகம். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, பந்தி தாமதமா என்பது அதற்குத் தெரியாது. வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடும் யாருக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இந்த ஒன்றுதான்: நம் மாத்திரைகளில் சாப்பிடாவிட்டாலும் சுகரைக் கீழே இழுக்கக்கூடியது எது?

அதைக் கண்டுபிடிக்க அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்னால் பொடி எழுத்தில் ஒவ்வொரு மாத்திரையிலும் என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்று பெயரின் தொடக்கத்திலேயே 'கிளி' வந்தால் அது சல்போனைல்யூரியா வகை, லோ சுகர் கொண்டுவரக்கூடியது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின் என்று 'கிளிப்டின்' பெயரின் கடைசியில் வந்தால் தனியாக லோ சுகர் தருவது அரிது. 'கிளிஃப்ளோசின்' என்று முடிபவையும் அப்படியே. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கிளிமிபிரைடு காம்பினேஷனில் 1, 2 என்பது பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம். வேறு காம்பினேஷனில் 500, 1000 என்று இருப்பது மெட்ஃபார்மினின் அளவு. 'ஃபோர்ட்டே' என்று சேர்ந்தால் பல பிராண்டுகளில் மெட்ஃபார்மின் 500-லிருந்து 1000 ஆகிவிடுகிறது. கடையில் "அது ஸ்டாக் இல்லை, இது அதேதான்" என்று வேறு அட்டை கொடுத்தால், பின்பக்கத்து வரியைப் பழைய அட்டையோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. தனியார் டாக்டர் எழுதிய காம்பினேஷன் வீட்டில் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ கொடுத்த மாத்திரையும் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டுவிடுகிறார்கள். மருந்து ஒன்றுதான், பெயர்தான் வேறு. எந்த டாக்டரிடம் போனாலும், எந்த ஊழியர் வீட்டுக்கு வந்தாலும், எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு அவர்கள் முன் வைத்துவிடுங்கள்.

இனி போன வாரம் நடந்ததற்கு வருவோம். சாப்பாடு தள்ளிப்போனது கடைசித் துளி மட்டும்தான். அதற்கு முன்பே மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தன.

எச்பிஏ1சி 6.2 என்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். கிளிமிபிரைடு நாளைக்கு 4 மி.கி. சாப்பிடும், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்த 66 வயதுக்காரருக்கு அது நல்ல எண் இல்லை. பொதுவாக 7-ஐ ஒட்டி என்பது இலக்கு. வயதும் கூட நோய்களும் இருப்பவர்களுக்கு 7.5 வரையும், சிலருக்கு 8 வரையும் விடுவார்கள். சராசரியே இவ்வளவு கீழே இருந்தால் நாளில் சில நேரமாவது 70-க்குக் கீழ் போய்வந்திருக்க வாய்ப்பு அதிகம். விடியற்காலையில் பனியன் நனைந்திருப்பது, காலையில் தலைவலி, கெட்ட கனவு என்று ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள். இரவு 2 மி.கி. கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்குத் தூக்கத்தில் சுகர் இறங்குவது சாதாரணமாக நடக்கும், வெளியே தெரியாது.

அடுத்தது, நான்கு மாதம் முன்பு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தபோது கிளிமிபிரைடைக் குறைக்காமல் விட்டது. சுகர் ஏற்கெனவே கட்டுக்குள் இருப்பவருக்குப் புது மருந்து சேர்த்தால், லோ சுகர் தரக்கூடியதைக் குறைப்பதுதான் முறை. காம்பினேஷன் மாத்திரையில் இருக்கும்போது இது விட்டுப்போகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும் என்பதால் யாரும் கைவைப்பதில்லை.

மூன்றாவது, கோட்ரைமோக்சசோல். இதில் உள்ள சல்ஃபாமெத்தாக்சசோல், கிளிமிபிரைடைக் கல்லீரலில் உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. 2 மி.கி. சாப்பிட்டாலும் உடம்புக்குள் அதிக நேரம், அதிக அளவில் நின்றுவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த ஆன்டிபயாடிக் தனியாகவே சுகரை இறக்கக்கூடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல், கிளாரித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. பல் டாக்டரானாலும் தோல் டாக்டரானாலும் "கிளிமிபிரைடு சாப்பிடுகிறார்" என்ற ஒரு வரியை முதலில் சொல்லிவிடுங்கள். கோட்ரைமோக்சசோலில் உள்ள இன்னொரு மருந்தான ட்ரைமெத்தோபிரிம், சிறுநீரகம் கெடாமலே கிரியாட்டினின் எண்ணை மட்டும் கூட்டிக்காட்டும். 1.5 என்ற அளவு அந்த நாட்களில் எடுத்ததாக இருந்தால், கோர்ஸ் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கிட்னி பயத்தைப் பற்றி அப்பாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை விட்டவர்கள், சில வருடங்களில் டயாலிசிஸ் படுக்கைக்கு வந்துசேர்வது மனதை வருத்தும் விஷயம். சிறுநீரகத்தின் மெல்லிய வடிகட்டிகளைக் கெடுப்பது வருடக்கணக்கில் கூடுதலாக நிற்கும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்கிறோம், ஒரு கட்டத்துக்குக் கீழே நிறுத்துகிறோம். அந்தக் கட்டத்தில் டாக்டர் நிறுத்தியதைப் பார்த்து, "மெட்ஃபார்மினால்தான் கிட்னி போனது, அதனால்தான் நிறுத்தினார்கள்" என்று கதை தலைகீழாகிவிடுகிறது. மெட்ஃபார்மினின் உறவு மருந்தான ஃபென்ஃபார்மின், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்தால் 1970-களில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அந்தப் பயத்தின் நிழலும் மெட்ஃபார்மின்மேல் இன்னும் இருக்கிறது. மெட்ஃபார்மினில் அந்த ஆபத்து மிக அரிது, அதுவும் கீழே சொல்லும் வரம்புகளை மீறும்போதுதான் பெரும்பாலும் வரும்.

வரம்பைக் கிரியாட்டினினை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ-ஜிஎஃப்ஆர் என்ற எண் வேண்டும். 66 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.5 என்றால் அது சுமார் 51 வரும். 45-க்கு மேல் மெட்ஃபார்மினைத் தொடரலாம். 30-க்கும் 45-க்கும் இடையில் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். 30-க்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். அப்பா சாப்பிடுவது மொத்தம் 1000 மி.கி.தான், இப்போதைக்கு அது பாதுகாப்பான அளவு. டாபாகிளிஃப்ளோசின் விஷயத்தில் நிலைமை இன்னும் தெளிவு. சிறுநீரகம் மேலும் கெடுவதை மெதுவாக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமான மருந்து அது. தொடங்கிய முதல் வாரங்களில் இ-ஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும், பிறகு நிலைத்துவிடும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்தினால், கிட்னிக்கு உதவும் மாத்திரையையே நிறுத்தியதாக ஆகும். அப்பாவின் கிட்னிக்கு உண்மையில் கேடு செய்யக்கூடியது, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: காம்பினேஷனைப் பிரித்து, மெட்ஃபார்மினைத் தனி மாத்திரையாக்கி, கிளிமிபிரைடை 1 மி.கி.க்குக் குறைக்கலாமா, அல்லது நிறுத்தியே விடலாமா? தேவைப்பட்டால் லினாகிளிப்டின் 5 மி.கி. போன்ற ஒன்றைச் சேர்க்கலாமா? லினாகிளிப்டினுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு மாற்ற வேண்டியதில்லை. சிட்டாகிளிப்டின் என்றால் இ-ஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே 100-லிருந்து 50 மி.கி., 30-க்குக் கீழே 25 மி.கி. என்று குறைக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கிளிபென்கிளமைடு மட்டும் வேண்டாம். உடம்பில் வெகுநேரம் நிற்கும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும்.

நீங்களாகக் குறைக்கிறோம் என்று காம்பினேஷன் மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். பெரும்பாலானவை இரண்டு அடுக்காகச் செய்தவை. ஒரு அடுக்கில் உள்ள மெட்ஃபார்மின் எட்டுப் பத்து மணி நேரத்தில் மெதுவாகக் கரைய வேண்டியது. உடைத்தாலோ, மென்றாலோ, பொடித்துத் தண்ணீரில் கலந்தாலோ மொத்தமும் ஒரேயடியாக இறங்கி வயிற்றைக் கலக்கும். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று எந்த எழுத்து இருந்தாலும் இதே விதி. முழுங்கக் கஷ்டப்படுபவருக்குச் சாதாரண மெட்ஃபார்மின் 500 கிடைக்கிறது, அதைச் சாப்பாட்டோடு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையின் கூடு அப்படியே மலத்தில் வெளியேறுவது உண்டு. மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது, வெறும் ஓடுதான் வருகிறது. மாத்திரை கரையவில்லை என்று இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள்.

எதை எப்போது சாப்பிடுவது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. மெட்ஃபார்மின், சாப்பாட்டோடு அல்லது முடித்த உடனே. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டல், பேதி, வாயில் உலோக ருசி. புதிதாகத் தொடங்குபவருக்கு 500 மி.கி. ஒரு வேளை என்று ஆரம்பித்து, வாரம் ஒரு படியாக ஏற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். கிளிமிபிரைடு, நாளின் முதல் முழுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ அதோடோ. கிளிபிசைடு, அரை மணி நேரம் முன்பு. அரை மணி என்றால் தட்டு அரை மணியில் முன்னால் வந்தாக வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போய், திரும்பும் வழியில் பேச்சு நீண்டு, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்காரும்போது சுகர் இறங்கியிருக்கும். கிளிப்டின்களைச் சாப்பாட்டுக்கு முன்னும் சாப்பிடலாம், பின்னும் சாப்பிடலாம். டாபாகிளிஃப்ளோசினும் அப்படித்தான். காலையில் கொடுப்பது, சிறுநீர் கூடுதலாகப் போவது பகலிலேயே முடியட்டும் என்பதற்காக. மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்தும் வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டும் முதல் கவளத்தோடு. சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் அது வேலை செய்ய வேண்டிய மாவுச்சத்து கடந்து போயிருக்கும், வாயுத் தொல்லை மட்டும்தான் மிஞ்சும். செமாக்ளுடைடு என்ற சுகர் மருந்தை மாத்திரையாகச் சாப்பிடுபவருக்குத் தனி ஒழுங்கு: எழுந்ததும் வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மிகாத வெறும் தண்ணீரில், பிறகு அரை மணி நேரம் காப்பி உட்பட எதுவும் கூடாது.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவது கூடவே கூடாது. மெட்ஃபார்மினை மறந்தால் அடுத்த சாப்பாட்டோடு வழக்கமான ஒன்றே போதும். கிளிமிபிரைடு காலையில் விட்டுப்போய் மாலையில் ஞாபகம் வந்தால், அன்றைக்கு விட்டுவிடுவதே மேல். சாப்பாடு இல்லை என்றால் அந்த வேளைக் கிளிமிபிரைடும் இல்லை. வாரநாள் பெயர் போட்ட மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கிவைத்தால் "போட்டேனா, இல்லையா" என்ற சந்தேகமே வராது.

சுகர் டெஸ்ட் அன்று நடக்கும் தவறு ஒன்று. வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும் வரை சுகர் மாத்திரை வேண்டாம், அது சரி. சாப்பிட்ட பின் பார்க்கும் டெஸ்டுக்கும் மாத்திரை போடாமலே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து 280 என்று காட்டுகிறார்கள். டாக்டர் அளவை ஏற்றிவிடுவார், மறுநாளிலிருந்து வீட்டில் லோ சுகர். வழக்கமான மாத்திரையைப் போட்டு, வழக்கமான டிபனைச் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்குவைத்து ரத்தம் கொடுங்கள். டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பட்டினி கிடப்பதும் இதேபோல டாக்டரைத் திசைதிருப்பும்.

லோ சுகர் வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 70-க்குக் கீழே என்றாலே அது லோ சுகர், 54-க்குக் கீழே அவசரம். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ அரை டம்ளர் தண்ணீரில். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும். ஏறியதும் இரண்டு இட்லியோ ஒரு பிடி சாதமோ கொடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். பிஸ்கட், சாக்லேட் மெதுவாகத்தான் ஏற்றும், முதல் உதவிக்கு அவை ஆகாது. வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அந்தச் சர்க்கரையைக் குளுக்கோஸாக உடைக்கும் வேலையைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளிமிபிரைடால் வந்த லோ சுகர் ஒருமுறை தெளிந்ததோடு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. மருந்து இன்னும் உள்ளே இருக்கும், சர்க்கரைத் தண்ணீரோ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கிட்னி தளர்ந்தவர்களுக்கு அடுத்த 24 மணி நேரத்தில் திரும்ப இறங்குவது உண்டு. போன வாரம் 48 வந்தபோதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். இனி அப்படி நடந்தால் டாக்டரைக் கேட்காமல் அன்றிரவு கிளிமிபிரைடு உள்ள மாத்திரையைக் கொடுக்காதீர்கள், இரவு இரண்டு மணிக்கு எழுப்பியாவது ஒருமுறை சுகர் பாருங்கள். ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், புரோப்ரனோலால் போன்றவை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை ஒன்றுதான் அடையாளம். அப்பா டூவீலர் ஓட்டுகிறவர் என்றால் வண்டியை எடுக்கும் முன் ஒரு விரல்குத்து, பாக்கெட்டில் குளுக்கோஸ், இரண்டும் வேண்டும்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாட்களில் மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசினையும் நிறுத்திவைக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் திடீரென்று தடுமாறும், மெட்ஃபார்மின் தேங்கும். சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரையும் சில பிபி மாத்திரைகளும் அன்று பிரச்சினையைக் கூட்டும், டாக்டரிடம் போனில் கேட்டுவிடுங்கள். கிளிமிபிரைடு, சாப்பிடாவிட்டால் இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். இயல்பாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆனதும் திரும்பத் தொடங்கலாம். இன்சுலினும் போடுபவர்கள் இன்சுலினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின் வகையில் தெரிந்துகொள்ள வேண்டிய அபாயம் ஒன்று இருக்கிறது, அரிதானாலும் உயிருக்கு ஆபத்தானது. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உடம்பு கெடும்போதும் மீட்டர் 180, 200 என்று மட்டுமே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, சொல்லத் தெரியாத சோர்வு ஆகியவை இருந்தால் "சுகர் அவ்வளவு இல்லையே" என்று உட்கார்ந்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி, கோதுமை எதுவுமே இல்லாத பேலியோ உணவு, பல நாள் பட்டினி, அளவுக்கு மீறிய குடி, அறுவை சிகிச்சை ஆகியவை இதைத் தூண்டும். திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும். பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர்போல வெள்ளைப் படிவும் வந்தால் பூஞ்சைத் தொற்று. சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலரவிடுவது பெரும்பாலும் அதைத் தடுக்கும், வந்தால் களிம்பு போதும். அந்த இடத்தில் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. சிறுநீர் டெஸ்டில் சர்க்கரை மூன்று பிளஸ் வருவது இந்த மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அதை வைத்துச் சுகர் ஏறிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனோ ஆஞ்சியோகிராமோ என்றால் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். இ-ஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே உள்ளவருக்கு ஸ்கேன் நாளில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்துத் திரும்பத் தொடங்கச் சொல்வது வழக்கம். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்குப் பி12 வைட்டமின் குறைந்திருக்க வாய்ப்புண்டு. கால் மரத்துப்போவதைச் சுகரால் என்று விட்டுவிடாமல் ஒருமுறை பி12 பார்த்துவிடுங்கள், ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் சரியாகக்கூடியது அது.

ஏகாதசி, கந்த சஷ்டி, ரமலான் நோன்பு என்று விரதம் இருப்பவர்கள் சில வாரம் முன்பே டாக்டரிடம் பேசி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். ரமலானில் காலைக் கிளிமிபிரைடு இஃப்தாருக்கு மாறும், அளவும் பெரும்பாலும் குறையும். விரத நடுவில் 70-க்குக் கீழ் போனாலோ 300-ஐத் தாண்டினாலோ விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை 48 பார்த்த அப்பா, அளவு நிலைப்படும் வரை விரதமே இருக்க வேண்டாம்.

சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு ஆகியவற்றைக் கிளிமிபிரைடோடு சேர்த்தால் சுகர் கூடுதலாக இறங்கலாம், சாப்பிடுகிறார் என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். லேபிள் இல்லாத 'மூலிகை' மாத்திரை ஒரே வாரத்தில் சுகரைப் பாதியாக்கினால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டவற்றில் கிளிபென்கிளமைடைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மறுபக்கம், ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு மாத்திரையும் முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாள் சுகரை ஏற்றும். அந்த நாட்களின் எண்ணை வைத்து நிரந்தரமாக மாத்திரையைக் கூட்டக் கூடாது.

டாக்டர் கிளிமிபிரைடைக் குறைத்த பிறகு இரண்டு வாரம் வீட்டில் இப்படிப் பாருங்கள்: ஒரு நாள் காலை வெறும் வயிற்றில், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன், அதற்கு மறுநாள் இரவுச் சாப்பாடு தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு, அப்பாவுக்கு இதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தாலும் டாக்டர் ஒத்துக்கொள்வார். 70-க்குக் கீழே ஒரே ஒருமுறை வந்தாலும், வெறும் வயிற்றில் தொடர்ந்து மூன்று முறை 180-ஐத் தாண்டினாலும், எந்த நேரத்திலும் 300-க்கு மேல் போனாலும் அன்றே போன் செய்யுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் கிரியாட்டினின், இ-ஜிஎஃப்ஆர், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் பார்த்து, குறித்துவைத்த எண்களோடு எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து. அது 7-ஐ ஒட்டி வந்தால் அப்பா பயப்பட வேண்டாம், அளவைக் குறைத்தபோது எதிர்பார்த்ததே அதுதான்.